சொல்லச் சொல்ல எழுதியதா வேதம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தேன். வாசலில் முப்பது வயது இருக்கும், ஒரு தம்பி துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கரைத் திருத்த வந்திருந்தார் போலும். வாங்கிப் படித்தேன். பைபிளின் ஒவ்வொரு எழுத்தும் கடவுள் சொல்லச் சொல்ல மனிதர் எழுதியது, அதில் ஒரு புள்ளியளவும் மனிதன் பங்கு கிடையாது, இதை ஒப்புக்கொள்ளாதவன் கிறிஸ்தவனே இல்லை என்று போட்டிருந்தது.

"தம்பி, லூக்கா நற்செய்தியோட முதல் நாலு வசனத்தைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சிருக்கேன் ஐயா."

"கடவுள் சொல்லச் சொல்ல எழுதினேன்னு லூக்கா அதுல எங்கயாவது சொல்றாரா?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "உங்களுக்காக ஜெபிக்கிறேன் ஐயா" என்றார். நல்ல பிள்ளைதான். வெயிலில் நின்று தொண்டை கட்டியிருந்தது.

வழக்கமாக இப்படிப்பட்ட தாள்களை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த முறை ஏன் நின்று கேட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தத் தாளுக்குப் பதில்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரியில் எங்கள் தலைமுறையில் அப்படிப் படித்தவர்களுக்கு 'திக்தே' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் வயிற்றைக் கலக்கும். வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஒரு பத்தியை வாசிப்பார். நாங்கள் கேட்டு எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூச்சியம். காதுக்கும் கைக்கும்தான் வேலை, சொந்த புத்திக்கு வேலை இல்லை. முப்பது பையன்கள் எழுதினாலும் முப்பது தாளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு தாளில் ஒரு சொல் மாறினாலும் அது பிழை.

இப்போது நான்கு நற்செய்திகளையும் அந்த வாத்தியார் மேசையில் வைத்துப் பாருங்கள். இயேசுவின் சிலுவைக்கு மேலே பிலாத்து ஒரு பலகை மாட்டினான். அதில் இருந்ததே சில சொற்கள்தான். அந்தச் சில சொற்களை மத்தேயு ஒருவிதமாகவும் மாற்கு இன்னும் சுருக்கமாகவும் லூக்கா வேறுவிதமாகவும் யோவான் ஊர்ப் பெயரையும் சேர்த்தும் எழுதியிருக்கிறார்கள். 'யூதரின் அரசர்' என்பது நான்கிலும் உண்டு. மற்ற சொற்கள் ஒத்துப்போகவில்லை. இது கேட்டு எழுதியது என்றால் குறைந்தது மூன்று பேருக்காவது மதிப்பெண் குறைய வேண்டும். பார்த்ததையும் விசாரித்ததையும் நான்கு பேர் தம் சொந்த வாயால் சொன்னது என்றால் ஒரு குறையும் இல்லை. நான்கு நல்ல சாட்சிகள் அப்படித்தான் பேசுவார்கள். ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் சாட்சிகளைக் கண்டால்தான் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

லூக்கா தொடக்கத்திலேயே தன் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறார். பலர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், நானும் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தீர விசாரித்து, முறைப்படுத்தி எழுதுகிறேன் என்பதுதான் அந்த நான்கு வசனங்களின் சாரம். விசாரணை அறிக்கை எழுதுகிறவன் பேசுகிற பேச்சு இது.

பவுல், எங்கள் சிறு வயதில் நாங்கள் சின்னப்பர் என்று சொல்வோம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களில் கிறிஸ்புவையும் காயுவையும் தவிர யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று எழுதுகிறார். எழுதிய பிறகு ஞாபகம் வருகிறது. ஸ்தேவனா வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று சேர்க்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனா, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கடவுளுக்கு ஞாபக மறதி உண்டா? அதே கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில், திருமணம் பற்றிப் பேசும்போது, இது ஆண்டவருடைய கட்டளை, இது என் கருத்து என்று பிரித்துச் சொல்கிறார். எழுதிய பவுலே கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்க, அந்தக் கோட்டை அழிக்கத் தாள் அடித்தவருக்கு யார் உரிமை கொடுத்தது?

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன் நான். அதனால் பைபிளில் வரும் எழுத்தர்கள் மேல் எனக்குத் தனிப் பாசம். உரோமையருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் தெர்த்தியு என்று ஒருவர் திடீரென்று தலையை நீட்டி, இந்தக் கடிதத்தைக் கைப்பட எழுதிய நானும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறேன் என்கிறார். அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பவுலும் அதை அடித்துவிடவில்லை, திருச்சபையும் அடித்துவிடவில்லை. இரண்டாயிரம் வருடமாக அந்த எழுத்தருடைய வணக்கம் வேத புத்தகத்துக்குள் இருக்கிறது.

இன்னொருவர் பாரூக்கு. எரேமியா சொல்லச் சொல்ல இவர் சுருளில் எழுதினார். அதை அரசன் யோயாக்கிமின் முன்னால் வாசித்தார்கள். குளிர்காலம். அரசன் முன்னால் கணப்புச் சட்டி இருந்தது. வாசிக்க வாசிக்க அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். முழுச் சுருளும் சாம்பல். எரேமியா என்ன செய்தார்? வேறு சுருள் எடுத்துப் பாரூக்கிடம் கொடுத்து மறுபடியும் எழுத வைத்தார். அதோடு முன்பு இல்லாத பல வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்று எரேமியா நூல் 36-ஆம் அதிகாரம் கூசாமல் சொல்கிறது. கோப்பு எரிந்துபோனால் மறு கோப்பு தயாரிக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். முதல் கோப்பில் இருந்தது அப்படியே எழுத்துக்கு எழுத்து வராது. ஆனால் ஆணை போய்விடாது. கடவுளின் வார்த்தையை நெருப்பில் போட முடியாது என்று காட்ட வந்த கதையே, அந்த வார்த்தை தோலிலும் மையிலும் அடங்கியது இல்லை என்று காட்டுகிறது.

அலுவலகத்தில் ஓர் ஆணை எப்படிப் பிறக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரைவை எழுத்தர் எழுதுவார். கண்காணிப்பாளர் திருத்துவார். சார்புச் செயலர் கையெழுத்துப் போடுவார். மேலே 'துணைநிலை ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். வாக்கியம் என்னுடையது. எனக்குப் பிடித்த சொற்கள், என் நீட்டல், சில சமயம் என் எழுத்துப்பிழைகூட அதில் இருக்கும். ஆனாலும் அது ஆளுநரின் ஆணைதான். இந்த உவமை ஓர் இடத்தில் நொண்டும். ஆளுநர் என் வரைவைப் பார்த்திருக்கவே மாட்டார். கடவுள் அப்படித் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லை, எழுதியவனுக்குள்ளேயே இருந்தார் என்பது எங்கள் விசுவாசம். 1965 நவம்பர் 18-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'தேயி வெர்பும்' என்ற ஏடு இதைத்தான் சொல்கிறது: வேதத்தின் ஆசிரியர் கடவுள். எழுதிய மனிதரும் தம் சொந்தத் திறமையோடு எழுதிய உண்மையான ஆசிரியர்கள். நம்முடைய மீட்புக்காகக் கடவுள் சொல்ல விரும்பிய உண்மையை அது பிழையின்றித் தருகிறது. மீட்புக்காக என்பதைக் கவனியுங்கள். வானசாஸ்திரத்துக்காகவோ வைத்தியத்துக்காகவோ என்று அங்கே இல்லை.

அரசாணையின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி ஒருவர் வருவார். ஆணையின் ஐந்தாம் பத்தியை மட்டும் நகலெடுத்து மேசையில் தட்டி, இதோ பாருங்கள், எனக்குச் சாதகமாக இருக்கிறது என்பார். 'பார்வை' என்று மேலே போட்டிருக்கும் முந்தைய ஆணைகளைப் படித்திருக்க மாட்டார். பின்னால் வந்த திருத்தத்தையும் படித்திருக்க மாட்டார். அந்த ஒரு பத்திக்கு அதிகாரம் கேட்பதாகச் சொல்வார். உண்மையில் அவர் கேட்டது தனக்கு.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அத்தான் போன பிறகு தனியாக இருந்தாள். சர்க்கரை நோய், தினமும் மாத்திரை. தெருவில் சிலர் வீடு வீடாக வந்து ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள். தனியாக இருப்பவளுக்கு ஆள் வந்து பேசுவதே பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் அவர்களில் ஒருவர் மாற்கு நற்செய்தியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். விசுவசிக்கிறவர்கள் நோயாளிகள் மேல் கை வைத்தால் அவர்கள் சுகமாவார்கள் என்று அங்கே இருக்கிறது. கை வைத்து ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை போட்டால் ஆண்டவர் வார்த்தையைச் சந்தேகிப்பதாக அர்த்தம் என்றார். அக்கா மாத்திரையை நிறுத்தினாள். நாலு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. காலில் ஒரு சின்னப் புண். நான் போய்ப் பார்த்தபோது நாற்றம் வாசலுக்கே வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கால் போனதைவிட எனக்குத் தாங்க முடியாதது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்குத்தான்டா தம்பி விசுவாசம் பத்தலை" என்றாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். கடைசிவரை அப்படித்தான் நம்பினாள். வசனம் காட்டியவர் மறுபடி வரவில்லை.

அந்த வசனம் மாற்கு 16-ஆம் அதிகாரத்தில் 18-ஆவது. மற்ற பாதியையும் படியுங்கள். அவர்கள் பாம்புகளைக் கையில் பிடிப்பார்கள், கொல்லும் நஞ்சைக் குடித்தாலும் தீங்கு வராது என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. அக்காவுக்குக் காட்டியவர் ஏன் ஒரு நல்லபாம்பையும் கொண்டு வரவில்லை? எழுத்துக்கு எழுத்து என்றால் வசனத்தின் இரண்டு பாதிக்கும்தானே? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அப்படிச் செய்கிற சபைகள் உண்டு. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே செத்தார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் உயிரை வைத்தார். இவர்கள் என் அக்காவின் காலை வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள், வத்திக்கான் பிரதியும் சீனாய் பிரதியும், மாற்கு நற்செய்தியை 16-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடித்துவிடுகின்றன. பெண்கள் பயந்து கல்லறையிலிருந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான். பாம்பும் நஞ்சும் கை வைத்தலும் அவற்றில் இல்லை. பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சுவாமியார் ஒருவர் எனக்கு 1956-இல் வெளிவந்த பிரெஞ்சு 'எருசலேம் பைபிள்' ஒன்றைக் கொடுத்தார். அதன் அடிக்குறிப்பு இதை ஒளிக்கவில்லை. இந்தப் பகுதி ஏவப்பட்ட வேதத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் மாற்குவே எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை என்று அமைதியாகச் சொல்கிறது. அதைப் படித்து என் விசுவாசம் ஆடவில்லை. திருச்சபை அதை வேதமாக ஏற்றிருக்கிறது, நானும் ஏற்கிறேன். யாருடைய கை எழுதியது என்பதில் என் விசுவாசம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு எழுத்து போனால் எல்லாம் போய்விடும் என்று சொல்கிறவர்தான் இந்த அடிக்குறிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

வசனம், வசனம் என்கிறோமே, அந்த எண்களைப் போட்டது யார் தெரியுமா? புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551-இல் போட்டவர் ரொபேர் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர். அதற்கு முன்பு ஆயிரத்து ஐந்நூறு வருடம் கிறிஸ்தவர்கள் எண் இல்லாமல்தான் படித்தார்கள். தேடி எடுக்க வசதியாக ஓர் அச்சகக்காரர் செய்த ஏற்பாடு, ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து அடுத்தவன் கழுத்தில் வைக்கவும் வசதியாகப் போய்விட்டது.

வெட்டி எடுத்த வசனத்தால் ஒருவரை மடக்கப் பார்த்த முதல் ஆள் யார் என்பதும் பைபிளிலேயே இருக்கிறது. மத்தேயு நான்காம் அதிகாரம். இயேசுவைக் கோவிலின் உச்சியில் நிறுத்தி, குதி, வானதூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று சங்கீதத்திலிருந்து எடுத்துக் காட்டினவன் சாத்தான். அவன் பொய் வசனம் சொல்லவில்லை. இருப்பதைத்தான் சொன்னான். இயேசுவும் அப்படி எழுதியிருக்கவில்லை என்று மறுக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது என்றார். குதிக்கவில்லை. என் அக்காவைக் குதிக்கச் சொன்னவர்கள் இந்த அதிகாரத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

எங்கள் சபை மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 1678-இல் ரிஷார் சிமோன் என்ற பிரெஞ்சுக் குரு, முதல் ஐந்து நூல்கள் முழுவதையும் மோசேயே எழுதியிருக்க முடியாது என்று ஒரு புத்தகம் போட்டார். மோசே இறந்ததும் அவரை அடக்கம் செய்ததும் உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறதே, அதை மோசேயா எழுதினார்? ஆயர் பொசுவே அந்தப் புத்தகத்தைத் தடை செய்ய வைத்தார். அச்சிட்ட பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. சிமோனை அவருடைய துறவற சபையிலிருந்தும் வெளியேற்றினார்கள். இதே பொசுவேயின் உரைநடையைத்தான் பிரெஞ்சு நடைக்கு உதாரணம் என்று எங்களுக்குப் பள்ளியில் கற்பித்தார்கள். சிமோன் என்ற பெயரை யாரும் சொன்னதில்லை. 1890-இல் எருசலேமில் விவிலியக் கல்லூரி தொடங்கிய லக்ராஞ்சு சுவாமியாரும் சந்தேகத்துக்கு ஆளாகி, 1912-இல் கொஞ்ச காலம் எருசலேமை விட்டே விலகியிருக்க வேண்டி வந்தது. பிறகு 1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பு, எழுதியவன் எந்தக் காலத்தவன், எந்த வகையில் எழுதினான் என்று ஆராய்வது அவசியம் என்றே சுற்றுமடல் எழுதினார். என் கையில் இருக்கும் அந்தப் பிரெஞ்சு பைபிள் லக்ராஞ்சு தொடங்கிய கல்லூரியில் உருவானதுதான். பயந்தவர்களைவிடப் படித்தவர்கள்தான் வேதத்துக்கு நன்மை செய்தார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் நாத்திகன். இதையெல்லாம் அவனிடம் சொன்னால், "மனுஷன் எழுதினதுன்னு நீயே ஒத்துக்கிட்ட, அப்புறம் அதுல என்னடா வேதம்?" என்பான். துண்டுத்தாள் கொடுத்த தம்பியும் இவனும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. கடவுளுடையது என்றால் மனிதனுடையது இல்லை, மனிதனுடையது என்றால் கடவுளுடையது இல்லை என்பது இருவருக்கும் பொதுவான கட்சி. இயேசு முழுக் கடவுளும் முழு மனிதரும் என்று சொல்கிற மதத்தில் பிறந்த எனக்கு அந்தக் கட்சியில் இடமில்லை. அவருக்குப் பசித்தது, களைத்தது, கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதனால் அவருடைய தெய்வத்தன்மை குறைந்துவிடவில்லை. பவுலுக்கு ஞாபகம் தவறியதால் அவர் எழுதிய வேதத்தின் அதிகாரமும் குறைந்துவிடாது.

அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான். தாளில் காட்டியிருந்த திமொத்தேயுவின் இரண்டாம் கடிதத்தை, மூன்றாம் அதிகாரத்தின் கடைசிவரை படியுங்கள். வேதம் கடவுளின் மூச்சால் ஆனது என்று சொன்ன கையோடு, அது எதற்கு என்றும் பவுல் சொல்கிறார். மனிதனைத் திருத்தி நல்ல செயலுக்குத் தயார் செய்ய. அகுஸ்தீனார் இன்னும் கறாராகச் சொன்னார்: கடவுள் மேலும் அயலான் மேலும் அன்பை வளர்க்காத விதமாக வேதத்துக்குப் பொருள் சொல்கிறவன் அதை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இந்த உரைகல்லில் அக்காவுக்குக் காட்டிய வசனத்தை உரைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருந்த வார்த்தைதான். ஆனால் அதைக் கையாண்ட விதத்தில் அன்பு இல்லை, அதனால் வேதத்தின் அதிகாரமும் அதில் இல்லை. இருந்ததெல்லாம் அந்த மனிதரின் அதிகாரம்.

வேதம் முதலில் என்னைத் திருத்த வந்தது. நாலு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தவன் நான். நான் சிறையிலும் நோயிலும் இருந்தபோது நீ வந்து பார்த்தாயா என்று கேட்கும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை என்னால் இன்றும் கூசாமல் படிக்க முடிவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

துண்டுத்தாளை அந்தப் பிரெஞ்சு பைபிளில் மாற்குவின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி மறுபடியும் கோவில் வாசலில் நின்றால் வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிடப் போகிறேன். அவருடைய பைபிளையும் கொண்டு வரட்டும். வசன எண்ணைப் பார்க்காமல் முழு அதிகாரமாகச் சேர்ந்து படிப்போம். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று முதலில் கேட்பேன்.